ஒரு பவுன் தங்கத்துக்கு எத்தனை பழைய செல்போன்?

வீட்டுக்குள் விஞ்ஞானம்

"பழைய பட்டுப்புடவைக்குக் காசு... கிழிஞ்ச பட்டுப்புடவைக்குக் காசு..." என்று தெருவில் ஒலிக்கும் குரலைக் கேட்காத தமிழ் வீடு குறைவு. கட்டவே முடியாமல் நைந்துபோன புடவையை ஒருவர் ஏன் காசு கொடுத்து வாங்குகிறார்? காரணம், ஜரிகை. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. புடவை கிழியலாம். அதிலுள்ள வெள்ளியும் தங்கமும் கிழிவதில்லை.

இதே கதைதான் பழைய கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும். பரணில் கிடக்கும் சிபியு, டிராயரில் தூங்கும் பட்டன் போன், பீரோ மேல் தூசு படிந்த செட்-டாப் பாக்ஸ் என எல்லாவற்றிலும் கொஞ்சம் தங்கம், வெள்ளி, பல்லேடியம் இருக்கிறது. இதை வைத்து யூடியூபில் ஆயிரக்கணக்கான வீடியோக்கள் வந்துவிட்டன. ஒரு பக்கெட் பழைய போர்டு, இரண்டு பாட்டில் ஆசிட், கடைசியில் உள்ளங்கையில் மினுமினுக்கும் ஒரு தங்க உருண்டை. "அட, நாமும் செய்யலாமே" என்று தோன்றுவது இயல்புதான்.

செய்யலாமா? முதலில் கணக்கைப் பார்ப்போம்.

தங்கம் எங்கே ஒளிந்திருக்கிறது?

தங்கம் துருப்பிடிக்காது, கறுக்காது. மிகச் சிறிய மின்சாரத்தையும் தடையில்லாமல் கடத்தும். செம்பும் வெள்ளியும் அதைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தக்கூடியவைதான். ஆனால், காற்று பட்டால் அவற்றின் மேல் ஒரு படலம் உருவாகிவிடும். ஒரு மெமரி கார்டை நூறு முறை கழற்றி மாட்டினாலும் தொடர்பு சரியாக இருக்க வேண்டுமென்றால், தொடும் இடத்தில் தங்க முலாம் தேவை.

கம்ப்யூட்டர் ரேம் கார்டின் அடியில் மஞ்சள் நிறத்தில் வரிசையாகப் பற்கள் போலத் தெரிபவை, சிம் கார்டின் மஞ்சள் சதுரம், பழைய பிராசஸரின் அடியில் இருக்கும் பின்கள்... எல்லாமே தங்க முலாம்தான். கண்ணுக்குத் தெரியாத தங்கமும் உண்டு. கறுப்பு நிற ஐசி-க்களுக்குள் இருக்கும் சிலிக்கான் துண்டையும் வெளியே தெரியும் கால்களையும் இணைப்பது தலைமுடியைவிட மெல்லிய கம்பி. சுமார் 25 மைக்ரான் தடிமன்தான். நீண்ட காலம் அது தங்கக் கம்பியாகவே இருந்தது.

வெள்ளி, சுவிட்ச்களிலும் ரிலேக்களிலும் இருக்கும். பல்லேடியம், செராமிக் கெப்பாசிட்டர்களில் இருக்கும். ஹார்டு டிஸ்க்கின் பளபளக்கும் தட்டில் பூசியிருக்கும் காந்தப் படலத்தில் கொஞ்சம் பிளாட்டினம்கூட உண்டு.

பழசுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

பழைய பாகங்களைத் தேடி அலைபவர்கள் எல்லாப் பழசையும் தேடுவதில்லை. 1970 முதல் 1990-கள் வரை வந்த கம்ப்யூட்டர், தொலைத்தொடர்பு, ராணுவக் கருவிகளின் பாகங்களுக்குத்தான் மதிப்பு.

அன்றைக்குத் தரமான கனெக்டர் பின்களில் தங்க முலாம் ஒன்றேகால் மைக்ரான் தடிமன்வரை இருந்தது. இன்றைய மலிவான கனெக்டர்களில் அதில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் கீழே. தங்கம் விலை ஏற ஏற, ஐசி-க்குள் இருந்த தங்கக் கம்பியின் இடத்தைச் செம்புக் கம்பி பிடித்துக்கொண்டது. 1990-களின் இறுதியில் பல்லேடியம் விலை எகிறியதும், கெப்பாசிட்டர் தயாரிப்பாளர்கள் நிக்கலுக்கு மாறினார்கள். அதாவது, ஒவ்வொரு விலை ஏற்றமும் கருவிக்குள் இருந்த விலையுயர்ந்த உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிட்டது.

இன்டெல் நிறுவனம் 1995-ல் வெளியிட்ட பென்டியம் புரோ பிராசஸர் பழம்பொருள் பிரிப்பவர்களிடையே பிரபலம். பெரிய செராமிக் உடல், அதன் அடியில் தங்க முலாம் பூசிய 387 பின்கள். சோவியத் யூனியன் இன்னொரு படி மேலே போனது. அங்கே தயாரான அளவீட்டுக் கருவிகளோடு வரும் சிறு கையேட்டில் உள்ளே எவ்வளவு தங்கம், வெள்ளி, பிளாட்டினம், பல்லேடியம் இருக்கிறது என்று அச்சிட்டே கொடுத்தார்கள். கருவி பழுதானாலும் உலோகம் கணக்கில் வர வேண்டும் என்பதுதான் நோக்கம்.

அதே சமயம், தாத்தா காலத்து வால்வு ரேடியோவில் தங்கப் புதையல் எதுவும் இல்லை. பிளாஸ்டிக் உடலோடு வந்த சாதாரண டிவி, டேப் ரெக்கார்டர்களிலும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது.

ஒரு பவுனுக்கு 235 போன்

அமெரிக்க புவியியல் ஆய்வு நிறுவனம் 2006-ல் வெளியிட்ட ஒரு கணக்கு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அதன்படி சுமார் 113 கிராம் எடையுள்ள ஒரு செல்போனில் செம்பு 16 கிராம், வெள்ளி 0.35 கிராம், தங்கம் 0.034 கிராம், பல்லேடியம் 0.015 கிராம். இது அந்தக் காலத்து பட்டன் போன் கணக்கு. இன்றைய போன்களில் மாடலைப் பொறுத்து அளவு மாறும்.

நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஒரு பவுன் 8 கிராம். போனுக்கு 0.034 கிராம் என்றால், ஒரு பவுனுக்குச் சுமார் 235 போன்கள் தேவை. அதுவும் ஒரு துளிகூட வீணாகாமல் எடுத்தால்! ஒரு வீட்டில் அதிகபட்சம் நான்கைந்து பழைய போன்கள் இருக்கும். அவற்றிலிருந்து கிடைப்பது மூக்குத்திக்குக்கூடக் காணாது.

ஆனால், இதையே டன் கணக்கில் பார்த்தால் காட்சி மாறிவிடுகிறது. ஒரு டன் போனில் சுமார் 300 கிராம் தங்கம். அதாவது 37 பவுன். தங்கச் சுரங்கத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் கிடைப்பது பெரும்பாலும் சில கிராம் மட்டுமே. வட ஆற்காடு பகுதியிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வேலைக்குப் போன கோலார் தங்கவயலில் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்துக்குத் தோண்டினார்கள். கிடைக்கும் தங்கத்தைவிடச் செலவு கூடிப்போக, 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. பூமிக்கு அடியில் தேடியதைவிட அடர்த்தியான தங்கம் இன்று குப்பையில் கிடக்கிறது.

ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட 2024-ம் ஆண்டு உலக மின்கழிவு அறிக்கையின்படி, 2022-ல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உருவாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவிகிதம்தான். அந்த ஓராண்டுக் கழிவில் இருந்த தங்கத்தின் மதிப்பு மட்டும் சுமார் 1,500 கோடி டாலர்.

நோபல் தங்கத்தைக் கரைத்தவர்

தங்கத்தைச் சாதாரண அமிலம் எதுவும் தொட முடியாது. நைட்ரிக் அமிலத்தையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சேர்த்த கலவை மட்டும் கரைத்துவிடும். அதனால்தான் அதற்கு ராஜ திராவகம் என்று பெயர்.

1940-ல் ஜெர்மானியப் படைகள் டென்மார்க்குக்குள் நுழைந்தபோது, கோபன்ஹேகனில் இருந்த நீல்ஸ் போரின் ஆய்வகத்தில் இரண்டு நோபல் பதக்கங்கள் இருந்தன. ஜெர்மன் விஞ்ஞானிகளான மாக்ஸ் வான் லாவே, ஜேம்ஸ் பிராங்க் ஆகிய இருவரும் பாதுகாப்புக்காகக் கொடுத்து வைத்தவை. ஜெர்மனியிலிருந்து தங்கத்தை வெளியே அனுப்புவது நாஜி ஆட்சியில் பெரிய குற்றம். பதக்கத்தில் பெயர் பொறித்திருந்ததால் சிக்கினால் ஆபத்து. அங்கே பணியாற்றிய வேதியியலாளர் ஜார்ஜ் டி ஹெவெசி, இரண்டு பதக்கங்களையும் ராஜ திராவகத்தில் கரைத்து, அந்த ஆரஞ்சு நிறக் கரைசலை அலமாரியில் மற்ற பாட்டில்களோடு வைத்துவிட்டார். சோதனைக்கு வந்த படையினருக்கு அது இன்னொரு ரசாயன பாட்டில், அவ்வளவுதான். போர் முடிந்த பிறகு அந்தக் கரைசலிலிருந்து தங்கம் மீட்கப்பட்டு, புதிய பதக்கங்களாக வார்க்கப்பட்டது.

யூடியூப் வீடியோக்களில் காட்டுவதும் இதே வேதியியல்தான். ஒரு முக்கியமான வித்தியாசம், ஹெவெசி கரைத்தது சுத்தமான பதக்கத் தங்கத்தை. அதுவும் ஆய்வக வசதிகளோடு. வீட்டு பக்கெட்டில் கரைவது தங்கம் மட்டும் அல்ல.

வீட்டில் செய்தால் என்ன ஆகும்?

சர்க்யூட் போர்டில் தங்கத்தைவிடப் பல நூறு மடங்கு அதிகமாக இருப்பது செம்பு. கூடவே ஈயம், நிக்கல், தகரம். சில பாகங்களில் காட்மியமும் இருக்கலாம். நைட்ரிக் அமிலத்தில் செம்பு கரையும்போது பழுப்பு நிறப் புகை கிளம்பும். அது நைட்ரஜன் டை-ஆக்சைடு.

இந்தப் புகையின் ஆபத்தே, அது உடனே ஆளைச் சாய்த்துவிடாது என்பதுதான். சுவாசித்தவருக்கு முதலில் லேசான இருமல், தொண்டை எரிச்சல் மட்டும் இருக்கலாம். "ஒன்றுமில்லை" என்று படுத்துவிடுவார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் வரலாம். உயிரே போகலாம். மொட்டை மாடியில், ஜன்னலைத் திறந்து வைத்து, துணி மாஸ்க் போட்டுச் செய்தால் போதும் என்பது தவறான நம்பிக்கை. துணி மாஸ்க் தூசியைத் தடுக்கலாம், இந்த வாயுவைத் தடுக்காது.

பழைய பாகங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதிக சக்தியைக் கையாளும் சில பழைய டிரான்சிஸ்டர்களிலும் மைக்ரோவேவ் பாகங்களிலும் வெள்ளை செராமிக்காகத் தெரிவது பெரிலியம் ஆக்சைடாக இருக்கலாம். முழுசாக இருக்கும்வரை பிரச்னை இல்லை. சுத்தியலால் உடைத்தாலோ, அரைத்தாலோ வரும் தூள் நுரையீரலுக்குத் தீராத நோயைக் கொண்டுவரக்கூடியது. சாதாரண செராமிக்கையும் இதையும் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம்.

எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சும் பச்சை நிற ஆசிட் நீரை என்ன செய்வது? வீடியோக்கள் பலவும் காட்டாத கட்டம் இதுதான். சாக்கடையில் ஊற்றினால் அதிலுள்ள ஈயமும் செம்பும் மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் போகும்.

குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம்

இது பயமுறுத்தலுக்காகச் சொல்வதல்ல. ஒரு ஊரே இதைச் செய்து பார்த்திருக்கிறது. சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் உள்ள குயியு, பல ஆண்டுகள் உலகின் மிகப் பெரிய மின்கழிவுப் பட்டறையாக இருந்தது. வீட்டு முற்றத்தில் அடுப்பை வைத்து போர்டைச் சூடாக்கி ஐசி-க்களைப் பிடுங்குவார்கள். ஆற்றங்கரையில் ஆசிட்டில் ஊறவைத்துத் தங்கம் எடுப்பார்கள்.

2007-ல் வெளியான ஓர் ஆய்வு, அங்கிருந்த 6 வயதுக்கு உட்பட்ட 165 குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்தது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 15.3 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. இந்தத் தொழில் இல்லாத பக்கத்து ஊரான செந்தியானில் அது 9.94. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவுக்குக் கீழ் இருந்தால் பாதுகாப்பு என்று சொல்லும்படி எந்த அளவும் ஈயத்துக்கு இல்லை. அந்தக் குழந்தைகள் யாரும் ஆசிட்டைத் தொட்டவர்கள் அல்லர். அதே வீட்டில், அதே தெருவில் வளர்ந்தவர்கள். குயியு பட்டறைகள் பின்னர் தனித் தொழிற்பேட்டைக்கு மாற்றப்பட்டன.

நம் நாட்டிலும் கதை வேறல்ல. டெல்லியின் சீலம்பூரில் பழைய கம்ப்யூட்டர்கள் கையால் பிரிக்கப்படுகின்றன. பித்தளைப் பாத்திரங்களுக்குப் பெயர்போன உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத்தில், சர்க்யூட் போர்டுகளை எரித்து, சாம்பலை ராம்கங்கா ஆற்றங்கரையில் கழுவி உலோகம் பிரிக்கும் வேலை நடந்தது. கரையெங்கும் கறுப்புப் பொடி குவிந்தது. இந்த ஆற்றங்கரையில் மின்கழிவைக் கொட்டுபவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் என்று 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

இந்த வேலையைச் செய்பவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். அன்றாடக் கூலிக்காக, கையுறைகூட இல்லாமல் உழைப்பவர்கள். நாம் காயலான் கடையில் எடைக்குப் போடும் பழைய போன் கடைசியில் போய்ச் சேரும் இடங்களில் இதுபோன்ற பட்டறைகளும் அடக்கம்.

சரியாகச் செய்வது எப்படி?

பெரிய ஆலைகளில் போர்டுகளைப் பொடியாக்கி, 1,000 டிகிரி செல்சியஸுக்கும் மேலான உலையில் உருக்குவார்கள். உருகிய செம்பு, தங்கத்தையும் வெள்ளியையும் பல்லேடியத்தையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். பிறகு அந்தச் செம்பைத் தகடாக வார்த்து, கரைசலில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், செம்பு மட்டும் மறுபக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். தொட்டியின் அடியில் சேறு போல ஒன்று படியும். தங்கம், வெள்ளி எல்லாம் அந்தச் சேற்றில்தான். உலையிலிருந்து வரும் புகை முழுவதும் வடிகட்டப்படும். பெல்ஜியத்தின் ஹோபோகெனில் உள்ள உமிகோர் ஆலை இப்படிப் பதினைந்துக்கும் மேற்பட்ட உலோகங்களைப் பிரித்தெடுக்கிறது.

உலை இல்லாத வழிகளும் வந்துவிட்டன. நாணயம் அச்சடிக்கும் பிரிட்டனின் ராயல் மின்ட், வேல்ஸில் உள்ள லாண்ட்ரிசன்ட்டில் 2024-ல் ஓர் ஆலையைத் தொடங்கியது. ஆண்டுக்கு 4,000 டன்வரை சர்க்யூட் போர்டுகளைக் கையாளும் திறன் கொண்ட இந்த ஆலையில், சாதாரண வெப்பநிலையிலேயே தங்கம் பிரிக்கப்படுகிறது.

இன்னொரு சுவையான சோதனை சுவிட்சர்லாந்தில் நடந்தது. சீஸ் தயாரிக்கும்போது மிஞ்சும் பால் தெளிவில் இருக்கும் புரதத்தைக்கொண்டு ஒரு பஞ்சைத் தயாரித்தார்கள், இடிஹெச் ஜூரிக் ஆய்வாளர்கள். 20 பழைய மதர்போர்டுகளைக் கரைத்த திரவத்தில் அதை வைத்தபோது, தங்கம் அதில் ஒட்டிக்கொண்டது. கிடைத்தது 450 மில்லிகிராம் உருண்டை. தரம்? நம்மூர் நகைக்கடைக் கணக்கில் 22 கேரட்!

மக்கள் ஒன்றுகூடினால் என்ன நடக்கும் என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக் சாட்சி. 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை ஜப்பான் மக்களிடமிருந்து 78,985 டன் சிறு மின்சாதனங்கள் திரட்டப்பட்டன. சுமார் 62 லட்சம் செல்போன்கள் தனியாகச் சேர்ந்தன. அவற்றிலிருந்து பதக்கங்களுக்காக எடுக்கப்பட்டவை 32 கிலோ தங்கமும் சுமார் 3,500 கிலோ வெள்ளியும். ஈட்டி எறிதலில் நீரஜ் சோப்ரா வென்ற தங்கப் பதக்கமும் யாரோ ஒருவர் வீட்டு டிராயரில் கிடந்த போனிலிருந்து வந்த உலோகம்தான்.

சிவப்பு பாதரசம் என்ற பொய்

"பழைய டிவி, ரேடியோவில் சிவப்பு பாதரசம் இருக்கிறது. சின்ன பாட்டில் பல லட்சம்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் அவ்வப்போது சுற்றும். 2009-ல் சவுதி அரேபியாவில் இதே புரளி, பழைய சிங்கர் தையல் மெஷின்களைச் சுற்றிப் பரவி, மக்கள் அவற்றை நம்ப முடியாத விலைக்கு வாங்கினார்கள். அப்படி ஒரு அதிசயப் பொருள் எந்தக் கருவியிலும் இல்லை. யாராவது முன்பணம் கேட்டால், அது மோசடி.

உங்கள் டிராயரில் இருப்பதை என்ன செய்யலாம்?

* வேலை செய்யும் போன், லேப்டாப் என்றால் முதலில் யாருக்காவது பயன்படுமா என்று பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் திட்டத்தில் கொடுத்தால், உள்ளே இருக்கும் தங்கத்தின் மதிப்பைவிட அதிகமே கிடைக்கும்.

* மிகப் பழைய கம்ப்யூட்டர், ரேடியோ, கேமரா என்றால் உடைக்காதீர்கள். இன்டெல் 1971-ல் வெளியிட்ட 4004 சிப்பின் ஆரம்பகால வெள்ளை செராமிக் வகைக்கு, சேகரிப்பாளர்கள் அதிலுள்ள தங்கத்தைவிடப் பல மடங்கு விலை தருகிறார்கள். முழுசாக இருந்தால்தான் மதிப்பு.

* பழுதான கருவிகளைப் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பொருளின் கழிவுக்குத் தயாரிப்பு நிறுவனமும் பொறுப்பு. பல பிராண்டுகளின் இணையதளத்தில் பழைய கருவிகளைத் திரும்பப் பெறும் விவரம் இருக்கும். பதிவுபெற்ற நிறுவனங்களின் பட்டியலை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பார்க்கலாம்.

* கொடுக்கும் முன் போட்டோ, தொடர்பு எண்களைச் சேமித்துக்கொண்டு போனை முழுவதுமாக அழித்துவிடுங்கள். சிம், மெமரி கார்டை எடுக்க மறக்க வேண்டாம்.

* உப்பிய பேட்டரியைக் குத்தவோ, அழுத்தவோ, சார்ஜ் போடவோ கூடாது. தீப்பிடிக்கும். கொடுக்கும் இடத்தில் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.

* வீட்டில் யாராவது ஏற்கெனவே இந்தச் சோதனையில் இறங்கி பழுப்புப் புகையைச் சுவாசித்திருந்தால், நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். என்ன புகை என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆசிட் தோலில் பட்டால், ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

உங்கள் ஒரு போனில் இருப்பது சில நூறு ரூபாய்த் தங்கம். அதை வீட்டில் எடுக்கப் போனால் ஆசிட் செலவே கூடிவிடும். அதே போன், ஆயிரக்கணக்கான போன்களோடு சரியான ஆலைக்குப் போய்ச் சேர்ந்தால், அதிலிருக்கும் தங்கம் மீண்டும் தங்கமாகவே வெளியே வரும். இந்த ஞாயிற்றுக்கிழமை டிராயரைத் திறந்து எத்தனை போன் சேர்ந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அபார்ட்மென்ட்டிலோ தெருவிலோ நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு பெட்டி வைத்தால், ஒரே நடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.